செங்காய்

ரயில்வே ஆஸ்பத்திரியில் அந்தப் புத்தகத்தைத் திருப்பினார்கள்.
வட்டம். வட்டம் நிறைய
அம்மைக் கொப்புளம்போல் புள்ளிகள்.
என்ன எண் தெரிகிறது?
இருபத்தொன்று என்றேன், சந்தேகமே இல்லாமல்.
எழுபத்துநாலாம்.

இன்ஜின் ஓட்டியிருக்க வேண்டியவன்
யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் வாசலில் ஜூஸ் கடை போட்டேன்.
சிரித்துவிடுங்கள், பரவாயில்லை,
கே.ஆர். மார்க்கெட் நயாஸ் தினமும் சிரிக்கிறான்.
விடிகாலை ஐந்து மணி, பல்பு வெளிச்சம்.
அவன் கூடையைக் கவிழ்க்க
பப்பாளியின் காம்படியை முகர்கிறேன்,
மாதுளையைச் சுண்டிவிட்டுக் காது கொடுக்கிறேன்,
சப்போட்டாவைக் கட்டைவிரலால் விசாரிக்கிறேன்.
"கண்ணு எதுக்குண்ணா வெச்சிருக்கே?"
காசு எண்ண, என்பேன்.

பச்சை என்றால் பழுக்காதது, வேகாதது,
ஆறாத புண், கலப்பில்லாத பொய்,
நேற்றுப் பிறந்த குழந்தை.
இத்தனையும் எனக்குத் தெரியும்.
பச்சை மட்டும்தான் தெரியாது.
செங்காய் என்று ஒரு சொல் இருக்கிறது,
காயாகவும் இல்லாமல் கனியாகவும் ஆகாமல்
நடுவில் நிற்பதற்கு.
அதை முதலில் சொன்னவன்
மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து
இன்னும் இரண்டு நாள் என்று திரும்பிப் போயிருப்பான்.
நான் ஏறி, கடித்துப் பார்த்துத்தான் இறங்கியிருப்பேன்.

போன வாரம்
ஒரு பப்பாளியைச் சுற்றி வந்த தினசரித் தாளில்
பாதிக் கட்டுரை.
மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்
ஏதோ ஒரு குரங்கின் கண்ணுக்குள்
ஒரு நிறமி இரண்டாய்ப் பிரிந்ததாம்.
அன்றுமுதல் இலைக்கூட்டத்தில் பழம் தனியே எரிந்ததாம்.
தின்றுவிட்டு விதையைத் தூரத்தில் போடுகிறவன் கண்ணுக்கென்று
மரமும் தன் பங்குக்குச் சாயம் ஏற்றிக்கொண்டதாம்.
இல்லை, பழத்துக்கல்ல, இளந்தளிர் தேடத்தான் என்றும் சிலர்...
அங்கே தாள் ஈரத்தில் கிழிந்திருந்தது.
சண்டை எப்படி முடிந்ததோ.

ஞாயிறு. மத்திகெரே வீட்டு மொட்டைமாடி.
பக்கத்து மனையின் கசகசே மரம்
கைப்பிடிச் சுவர் தாண்டிச் சாய்ந்திருக்கிறது.
விஞ்ஞானக் கழகத்துத் தோப்பிலிருந்து வந்த குரங்கு
ஒன்று, தாவி இன்னொன்று, எட்டி இன்னொன்று.
தயக்கமே இல்லை. ஒரு காயைக்கூடத் தொடவில்லை.
எழுபத்துநாலு என்று கத்தியிருக்கும் அது.
வேலையும் கிடைத்திருக்கும்.

தர்ணிகா எனக்கு உதவ வந்தாள்.
"அங்க ஒண்ணுப்பா. அதோ. சிவப்பா!"
நான் பார்ப்பது இலை, இலை, இலை.
"அதுக்கு மேல பாரு, கும்பிடுபூச்சி."
"எங்க?"
"ரெண்டாவது கணு. காலை மடக்கி உட்கார்ந்திருக்கு."
விரல் நீட்டியும் அவளுக்குத் தெரியவில்லை.
பச்சைமேல் பச்சையாய் ஒளிந்திருந்ததாம்.
எனக்கு அது ஒளியவே இல்லை.
தன் வடிவத்தில், கொஞ்சம் சலிப்போடுகூட, உட்கார்ந்திருந்தது.
நகர்ந்தபோது வீறிட்டாள்.
பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்,
நான் எதையோ ஜெயித்துவிட்டதுபோல.

அம்மா வழியாக எனக்கு வந்தது இது.
புடவைக்கடையில் அரக்குக்கும் குங்குமத்துக்கும் நடுவே
அரைநாள் நிற்கிற அம்மா.
என் வழியாக இவளுக்குள் போயிருக்கிறது,
காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது.
இவளுக்கு ஒரு மகன் பிறந்தால் அசையலாம்.
அசையாமலும் போகலாம்.
சுகந்தியிடம் இதைச் சொன்னதில்லை.

ஆறே முக்கால்.
துமகூரு பக்கம் போகும் வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது.
வெளிச்சம் வடிந்து
எல்லோரும் என் ஊருக்குள் வந்துவிட்ட நேரம்.
தர்ணிகா ஒரு கிளையை ஒடியாமல் வளைத்து
என் பக்கம் இழுத்தாள்.
"இது பழமாப்பா? எனக்குத் தெரியல."
இரண்டு விரலில் பிடித்து மெல்ல அழுத்தினேன்.
நாளைக்கு, என்றேன்.
வௌவால் விட்டால்.